மூளையை அறிந்த வரலாறு: பண்டத்தரிப்பிலிருந்து வேலூர் வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே, செம்மண் தோட்டங்களும் நெல்வயல்களும் பனங்கூடல்களும் சூழ அமைந்த ஊர் அளவெட்டி. நாதசுவரமும் தவிலும் இவ்வூரின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டு சென்றன. கவிஞர் ‘மகாகவி’ உருத்திரமூர்த்தி பிறந்த ஊரும் இதுவே. இவை நேயர்கள் நன்கறிந்த செய்திகள். அத்துணை அறியப்படாத செய்தி வேறொன்றுண்டு. அளவெட்டிக்குக் கிழக்கே தெல்லிப்பழை, மேற்கே பண்டத்தரிப்பு, தெற்கே சில மைல் தொலைவில் மானிப்பாய். மாட்டு வண்டியில் ஒரே நாளிற் சுற்றி வரத்தக்க இச்சிறு நிலப்பரப்பின் வழியாகவே மேனாட்டு உடற்கூற்று அறிவு ஈழத்துத் தமிழரிடையே வேரூன்றிற்று. மூளை என்பது யாது, அது எவ்வாறு வளர்கின்றது, அடிபட்டால் அதற்கு நேர்வது என்ன என்ற வினாக்களுக்கு உலகம் விடை தேடிய பெருங்கதையில் இவ்வூர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

மேனாட்டார் வருமுன் தமிழ் மருத்துவர் தலையைப் பற்றி யாதும் அறியாதிருந்தனர் என்று எண்ணுதல் தவறு. யாழ்ப்பாண அரசர் காலத்தில் எழுந்த பரராசசேகரம் என்னும் வைத்திய நூல் சிரரோகங்களை விரிவாக வகுத்துரைக்கின்றது. அளவெட்டிக்கு அணித்தாயுள்ள ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நூலைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்திராவிடின், அது கறையானுக்கு இரையாகியிருக்கும். தலையில் எவ்விடத்து அடி உயிரைக் குடிக்கும் என்பதை வர்ம நூலாரும் கூறினர். ஆயினும் நினைவுக்கும் அறிவுக்கும் உறைவிடம் தலையே என்ற கருத்து நம்மவர் பேச்சில் முழுமையாக இடம்பெறவில்லை. தமிழ் மொழி மனத்தை மார்பிலே வைத்தது. ‘நெஞ்சில் பதிந்தது’, ‘நெஞ்சறிய’, ‘உள்ளம் உருகிற்று’ என்பனவே நம் வழக்குகள். கிரேக்கரில் அரிஸ்டோட்டில் போன்ற பேரறிஞரே இருதயத்தைத்தான் அறிவின் இருப்பிடம் என்றார். மூளை குருதியைக் குளிர்விக்கும் உறுப்பு என்பது அவர் முடிபு. அவருக்கு முன் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் சிலர் மூளையே சிந்தனைக்கு நிலைக்களன் என்று கூறியும், அக்கருத்து நிலைபெற இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் சென்றது. நம் நாட்டிலோ, பிள்ளையைப் பார்த்து ‘மண்டையில் ஏறவில்லையா?’ என்று வினவும் ஆசிரியர்கள் இவ்விடயத்தில் அரிஸ்டோட்டிலை என்றோ வென்றுவிட்டனர் எனலாம்.

அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கினர். அவர்களைத் தொடர்ந்து, நியூ யோர்க் நகரில் நல்ல வருவாய் தந்த வைத்தியத் தொழிலை உதறிவிட்டு, ஜோன் ஸ்கடர் என்பார் 1819இன் இறுதியில் இலங்கையை அடைந்தார். அவர் 1820இல் பண்டத்தரிப்பில் அமர்ந்து வைத்தியம் புரியலானார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடொன்றுக்குச் சென்ற மருத்துவ மிசனரிமாருள் முதல்வர் எனப் போற்றப்படுபவர் இவரே. பல்லாண்டு இங்கு உழைத்தபின், 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். அவர் சந்ததியினர் பலர் தமிழ்நாட்டிலேயே வைத்தியப் பணியில் வாழ்நாளைக் கழித்தனர். ஸ்கடர் குடும்பத்தின் கதை பின்னர் மீண்டும் வரும். இப்போது மானிப்பாய்க்குச் செல்வோம்.

மசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், இருபத்தைந்து வயது இளைஞராக 1847இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். மறுவருடம் மானிப்பாயில் நிலைகொண்டு, சில மாணவரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கலானார். இந்த 1848ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. மூளையின் வரலாற்றிலே பெரிதும் பேசப்படும் விபத்து அவ்வாண்டில்தான் நிகழ்ந்தது. அதுவும் கிறீனின் சொந்த மாகாணத்துக்கு வடக்கே அடுத்துள்ள வேர்மொன்ற் மாகாணத்தில்.

அங்கே புகையிரதப் பாதை அமைக்கும் வேலையில் பினியஸ் கேஜ் என்னும் இருபத்தைந்து வயதினர் மேற்பார்வையாளராக இருந்தார். கல்லைத் துளைத்து, துளையில் வெடிமருந்திட்டு, இரும்புக் கோலால் இடித்து இறுக்குவது அவர் தொழில். செப்டெம்பர் 13ஆந் தேதி பிற்பகல், மருந்து எதிர்பாராது வெடித்தது. மூன்றரை அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் 13 இறாத்தல் நிறையுமுள்ள அவ்விரும்புக் கோல் அவரது இடக் கன்னத்தின் கீழே நுழைந்து, இடக் கண்ணின் பின்னாற் சென்று, மூளையின் முற்பகுதியைத் துளைத்து, உச்சி வழியே வெளியேறித் தொலைவில் விழுந்தது. மனிதர் இறக்கவில்லை. சில நிமிடங்களிற் பேசினார். எருத்து வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஊருக்குச் சென்றார். ஹார்லோ என்னும் கிராமத்து வைத்தியர் சீழ்ப்பிடித்த அக்காயத்தைப் பொறுமையோடு ஆற்றினார். இடக் கண்பார்வை போயிற்று, உயிர் தங்கிற்று. கை கால்கள் இயங்கின, நினைவு இருந்தது, பேச்சுங் குறையவில்லை. ஆனால் நிதானமும் பொறுப்புமுடையவர் எனப் பெயரெடுத்த அம்மனிதர், வாய் அடங்காதவராகவும், எடுத்த எண்ணத்தை மறுகணமே கைவிடுபவராகவும் மாறிவிட்டார் என ஹார்லோ 1868இல் எழுதினார். பழைய தொழிலை அவருக்குக் கொடுக்க எவரும் முன்வரவில்லை. ஒருவரது குணநலனும் மூளையின் ஒரு பகுதியைச் சார்ந்திருத்தல் கூடும் என்ற எண்ணத்துக்கு இவ்விபத்து இடங்கொடுத்தது.

இக்கதை பாடநூல்களிற் பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடும். அது பாதிக் கதையே. கேஜ் பின்னர்த் தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டுக்குச் சென்று, பல குதிரைகள் பூட்டிய பயண வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டி வாழ்ந்தார். கரடுமுரடான வழியில், பிரயாணிகளை ஏற்றி இறக்கி, நேரந் தவறாது வண்டி செலுத்துதல் முன்மூளை முற்றாகக் கெட்டவனுக்கு ஆகும் காரியமன்று. விபத்தின்பின் அவரிடங் காணப்பட்ட குறைகள் காலப்போக்கிற் குறைந்திருக்க வேண்டும் என இவ்வரலாற்றை மீள ஆராய்ந்தோர் கருதுகின்றனர். நாள்தோறும் ஒழுங்காகச் செய்யும் தொழிலே அவருக்கு மருந்தாயிற்றுப் போலும். வலிப்பு நோய் கண்டு 1860இல் அவர் மாண்டார்.

மானிப்பாயிலே கிறீன் எதிர்கொண்ட சிக்கல் வேறு வகையானது. ஆங்கிலத்திற் கற்றுத் தேறிய வைத்திய மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். ஊர்களில் நோயாளர் நோயாளராகவே இருந்தனர். ஊருக்கு வைத்தியர் வேண்டுமாயின் ஊர்மொழியிற் கற்பித்தலே வழி என அவர் துணிந்தார். அக்காலத்திற் சிரித்துத் தள்ளத்தக்க துணிவு அது. மண்டையோட்டின் எலும்புகள், மூளையை மூடிய சவ்வுகள், முதுகுத்தண்டினின்று கிளைக்கும் நரம்புகள் ஆகிய அனைத்துக்கும் தமிழிற் பெயர் எங்கே? கிறீன் தமிழ் கற்றார், பண்டிதரையும் தம் மாணவரையும் துணைக்கொண்டார், சொற்களைத் திரட்டினார். தமிழிற் சொல் உண்டாயின் அதனை எடுத்தார். இல்லாவிடின் வடமொழியை நாடினார். அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழுருவாக்கினார். அவர்தம் நூல்களின் பெயர்களே இம்மூவழிக்கும் சான்று: சத்திர வைத்தியத்துக்கு ‘இரண வைத்தியம்’, உடற்கூற்றுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’, உடற்றொழிலுக்கு ‘மனுஷ சுகரணம்’, இரசாயனத்துக்குக் ‘கெமிஸ்தம்’. இவற்றுட் சில இன்று செவிக்கு விசித்திரமாக ஒலிக்கலாம். ஆனால் தேர்வு எழுதி, அறுவைக் கத்தி பிடித்து, நோயாளரைப் பிழைக்கவைத்த மனிதர் வாயில் வழங்கிய சொற்கள் அவை. அகராதியில் மட்டும் உறங்கும் கலைச்சொற்களைவிட அவற்றுக்கு மதிப்பு அதிகம்.

இரு தடவைகளில், 1873 வரை அவர் இங்கு உழைத்தார். அவரிடம் வைத்தியம் கற்றோர் ஏறத்தாழ அறுபதின்மர். அவர்களில் அரைப்பங்கினர் தமிழிலேயே கற்றவர். அவர் தலைமையில் தமிழாக்கப்பட்ட மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும். 1884இல் அவர் பிறந்த ஊரிலே காலமானார். தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்பதைக் கல்லறையிற் பொறிக்குமாறு விரும்பிக் கேட்டிருந்தார். மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும் தமிழில் மருத்துவம் கற்பிக்கும் முயற்சி அவருக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பில் 1870இல் தோன்றிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. காலமும் உத்தியோகமும் அப்பக்கம் சாய்ந்தன.

கிறீன் மொழிபெயர்ப்பித்துக்கொண்டிருந்த காலமே மேனாட்டில் மூளை பற்றிய அறிவு தலைகீழாக மாறிய காலம். 1861இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் போல் புரோக்கா ஒரு நோயாளியைக் கண்டார். இருபத்தோராண்டு வைத்தியசாலையில் வாழ்ந்த அம்மனிதர் பிறர் கூறுவதை விளங்கிக்கொள்வார். ஆனால் எது கேட்டாலும் ‘தான்’ என்ற ஒலியையே விடையாகத் தருவார். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது, இடப்பக்கத்து முன்பகுதியில் ஓரிடம் பழுதுற்றிருந்தது. பேசுந் திறனுக்கு மூளையில் இடமுண்டு என்பது இவ்வாறு வெளிப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளின்பின் ஜெர்மனியில் வேர்ணிக்கே என்பார், பேச முடிந்தும் பொருள் விளங்காத நோயாளரிடத்தில் வேறோரிடம் கெட்டிருத்தலைக் காட்டினார். ஸ்பானிய நாட்டு ரமோன் இ கஹால் என்பவர், இத்தாலியரான கொல்கி கண்டுபிடித்த சாயமிடும் முறையைக்கொண்டு, மூளை ஒரே வலையன்று, தனித்தனி நரம்பணுக்களாலாயது என்று நிறுவினார். கஹாலின் ஆராய்ச்சி வெளிவரத் தொடங்கியது 1888இல். கிறீன் இறந்து நான்காண்டு கழித்து. ஆகவே மானிப்பாயில் தமிழிற் படித்தவர்கள் மூளையின் உறுப்புகளை அறிந்தனர். அவ்வுறுப்புகள் எவற்றால் நெய்யப்பட்டவை என்பதை அக்காலத்து உலகமே தெளிவாக அறியவில்லை. கஹாலும் கொல்கியும் 1906இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பரிசு பெற்ற மேடையிலும் கொல்கி தம் எதிர்க்கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை என்பது ஒரு சுவையான செய்தி.

இனி ஸ்கடர் குடும்பத்தின் கதைக்கு வருவோம். பண்டத்தரிப்பு வைத்தியர் ஜோன் ஸ்கடரின் பேர்த்தியார் ஐடா ஸ்கடர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையோடு தங்கியிருந்தபோது, பெண் வைத்தியர் இன்மையால் ஒரே இரவில் மூன்று இளந்தாய்மார் பேற்று வேதனையில் மாண்ட கொடுமையைக் கண்டு, அவர் வைத்தியம் கற்கத் துணிந்தார் என்பது பலரறிந்த வரலாறு. வேலூரில் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய அவர் பணி, 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியாகி, பின்னர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக ஓங்கிற்று. அக்கல்லூரியிலேதான் 1949இல், இந்தியாவின் முதலாவது நரம்பியற் சத்திரசிகிச்சைப் பிரிவு தோன்றிற்று. அதனை நிறுவியவர் கேரளத்தவரான ஜேக்கப் சாண்டி. அடுத்த ஆண்டில் சென்னைப் பொது வைத்தியசாலையில் பா. இராமமூர்த்தி அத்தகைய பிரிவொன்றைத் தொடங்கினார். இலங்கையில், 1950களிற் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் ஷெல்ற்றன் கப்ரால் இத்துறைக்கு வழிகாட்டினார்.

ஜேக்கப் சாண்டி பயின்றது கனடாவின் மொன்றியல் நகரில், வைல்டர் பென்பீல்டிடம். பென்பீல்ட் வலிப்பு நோயாளரின் மண்டையோட்டைத் திறந்து, நோயாளர் விழித்திருக்கும்போதே மெல்லிய மின்னோட்டத்தால் மூளையின் மேற்பரப்பைத் தொடுவார். மூளைக்கு நோவு உணர்ச்சி இல்லை. ஆகவே தோலும் எலும்பும் மட்டும் மரக்கச் செய்தாற் போதும். ஓரிடத்தைத் தொட்டாற் பெருவிரல் அசையும்; வேறோரிடத்தைத் தொட்டால் உதடு கூசும். இவ்வாறு அவர் வரைந்த படத்தில் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் ஓரிடம் உண்டு. முதுகு முழுவதற்கும் கிடைப்பது சிற்றிடம். விரல்களுக்கும் உதட்டுக்கும் நாவுக்குமே பேரிடம். நுட்பமான தொழில் எதற்கு அதிகமோ, அதற்கே மூளை நிலம் அதிகம் ஒதுக்குகின்றது.

அந்நிலப் பங்கீடு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டதா, பழக்கத்தால் மாறுவதா? வளர்ந்தவர் மூளையின் பாதைகள் மாறா என்பதே நெடுங்காலம் ஆன்றோர் கொள்கை. ஆனால் அதே வேலூரில், சாண்டிக்குச் சில அடி தூரத்தில், எலும்பு வைத்தியர் போல் பிராண்ட் செய்துகொண்டிருந்த வேலை வேறு கதையைக் கூறிற்று. கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேயர் அவர். குட்டநோய் நரம்பைத் தின்றதால் நகம்போல் மடங்கிப்போன கைகளை நிமிர்த்த, அவர் ஒரு வழி கண்டார்: உயிருள்ள வேறொரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு தைத்துவிடுதல். வேறு தொழிலுக்கென்றே நாற்பதாண்டு பழகிய தசை இப்போது விரலை நிமிர்த்தவேண்டும். முதல் வாரங்களில் நோயாளி பழைய அசைவை நினைத்தாலே புதிய அசைவு வரும். நாள்தோறும் பயில, நினைக்காமலே வரும். பின்னர்ச் சோற்றைப் பிசைந்து உண்ணவும், எழுதுகோல் பிடிக்கவும் அக்கை பழகிவிடும். வீட்டாராலும் ஊராராலும் ஒதுக்கப்பட்ட ஏழைக் கூலியாட்கள், வளர்ந்தவன் மூளையும் புதிது கற்கும் என்பதைத் தம் கைகளாலேயே காட்டினர்.

குழந்தையின் மூளையைப் பற்றி இன்று அறியப்பட்டவை வியப்பூட்டுவன. பிறந்த சிசுவின் மூளை முக்கால் இறாத்தலுக்குச் சற்று மேற்பட்ட நிறையுடையது. வளர்ந்தவர் மூளையோ ஏறத்தாழ மூன்று இறாத்தல். அவ்வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் இரண்டாண்டுகளிலேயே நிகழ்ந்துவிடுகின்றது. மனித மூளையிலுள்ள நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி எனப் பிறேசில் நாட்டு ஆய்வாளர் 2009இற் கணக்கிட்டனர். இவற்றுட் பெரும்பாலானவை பிறக்குமுன்னரே தோன்றிவிடுவன. பின்னர் வளர்வது அவற்றிடையேயுள்ள தொடர்புகள். குழந்தைப் பருவத்தில் வேண்டியதற்கு மேலாகவே தொடர்புகள் முளைக்கின்றன. பயன்படுவன வலுப்பெறுகின்றன, பயன்படாதன உதிர்கின்றன. அமெரிக்க வைத்தியர் ஹற்றன்லொக்கர் இறந்தோரின் மூளைகளை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்து 1979இல் இதனை வெளியிட்டார். பயிரை நெருக்கமாக விதைத்துப் பின் களைந்து ஐதாக்கும் தோட்டக்காரருக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. முன்மூளை முதிர்வதற்கு இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டு செல்லும் என்பதும் தெளிவாயிற்று. பதினைந்து வயதில் ஒருவனை ‘மக்கு’ என்று முடிவுகட்டுவோர், கட்டி முடியாத வீட்டின் கூரையைப் பார்த்துக் குறை கூறுபவரையே ஒப்பர்.

சில தொடர்புகளுக்குக் காலவரையும் உண்டு. ஹியூபெல், வீசெல் என்னும் இருவர் 1960களிற் பூனைக்குட்டியொன்றின் ஒரு கண்ணைச் சில வாரம் மூடிவைத்துப் பின் திறந்தனர். கண் பழுதின்றி இருந்தும் அதனாற் பார்வை இல்லை. அதற்குரிய மூளை நிலத்தை மற்றக் கண் கவர்ந்துகொண்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறு மூடினால் இத்தீங்கு நேர்வதில்லை. 1981இல் இவ்விருவரும் நோபெல் பரிசு பெற்றனர். பிறவிக் கண்புரையோடு பிறந்த குழந்தைக்கு விரைந்து சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்ற விதிக்கு இதுவே காரணம். எனினும் காலவரை முற்றும் இரும்புக் கதவன்று. இந்தியாவில் வறுமையாற் சிகிச்சையின்றி வளர்ந்து, எட்டு, பத்து வயதுக்குமேற் கண் திறக்கப்பட்ட சிறுவரைப் பவன் சின்ஹா என்னும் அறிஞர் ஆராய்ந்தார். முதலில் அவர்கள் கண்டது பொருளற்ற நிறத் துண்டங்களே. மாதங்கள் செல்ல முகத்தையும் பொருள்களையும் பிரித்தறியக் கற்றனர். கூர்மை முழுவதும் மீளவில்லை. ஆயினும் பயன் பெரிது.

இவ்விடத்தில் அளவெட்டிக்கு மீளுதல் பொருந்தும். தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) இணுவில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மைந்தர். அளவெட்டியை வாழ்விடமாகக் கொண்டு, அவ்வூர்ப் பெயரால் ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் புகழ்பெற்றவர். தவிற்காரர் வீட்டுப் பிள்ளை கருவியைத் தொடுமுன் சொற்கட்டை வாயாற் கற்கின்றது. நடை தெரியுமுன்பே காலம் காதிற் பதிந்துவிடுகின்றது. வலக்கை விரல்களிற் கூடு அணிந்து வலந்தலையை வாசிக்கவேண்டும். இடக்கையிற் கழி பிடித்துத் தொப்பியை அடிக்கவேண்டும். இரு கைகளுக்கும் இரு வேறு தொழில், காலமோ ஒன்று. 1995இல் ஜெர்மனியில் எல்பேர்ட் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் வயலின் முதலிய நரம்புக் கருவி வாசிப்போரை ஆராய்ந்து, தந்தியை அழுத்தும் இடக்கை விரல்களுக்கு அவர்தம் மூளையில் ஒதுங்கிய நிலம் ஏனையோரிலும் பெரிது என்றும், எவ்வளவு இளமையிற் பயிலத் தொடங்கினரோ அவ்வளவுக்கு அது மிகுதி என்றும் கண்டனர். ஐந்து வயதில் மகனைத் தவிலின்முன் இருத்திய தந்தையர் இதனை ஆய்வுகூடமின்றியே அறிந்திருந்தனர். திறமை குருதியில் வருவதென்று ஊர் கூறும். குருதியோடு, விடியற்காலைச் சாதகத்தையும் சேர்த்துக் கூறினால் கணக்குச் சரியாகும்.

இனி அடிபட்ட மூளையைப் பற்றி. யாழ்ப்பாணத்திற் பனையிலிருந்து விழுந்தோரின் துன்பம் பழையது. வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்து அதனிலும் கொடிதாயிற்று. மூளை மெத்தென்ற பொருள். நீரில் மிதப்பதுபோல் எலும்புப் பேழையினுள் இருக்கின்றது. தலை மோதி நிற்கும்போது மூளை நிற்பதில்லை. அது எதிர்ச்சுவரில் முட்டி, அடிபடாத பக்கத்திலும் காயப்படும். வீங்கினாலும் குருதி கசிந்தாலும் பேழை விரிந்துகொடாது. மூளையின் அதிர்ச்சி வேறு, மூளை நெருக்குண்ணுதல் வேறு என்று கிறீன் காலத்துச் சத்திர வைத்தியரே பகுத்தறிந்திருந்தனர். இரண்டாவதே வஞ்சகமானது. விழுந்தவர் எழுந்து நடப்பார், பேசுவார், தேநீரும் அருந்துவார். மண்டையோட்டின் உள்ளே அறுந்த குருதிக்குழாய் கசிந்துகொண்டேயிருக்கும். சில மணி நேரத்தில் தலையிடி, வாந்தி, தூக்கம், பின் ஒரு கண்மணி விரியும், மூச்சுத் தடுமாறும். ‘களைப்பு, உறங்கட்டும்’ என்று வீட்டார் பாயை விரிப்பதற்குள் காலம் கடந்துவிடும். உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடைந்தால், எலும்பைத் துளைத்து உறைந்த குருதியை அகற்றி முழுமனிதராக அனுப்புகின்றனர். ஒரே காயம், வேறுபாடு சில மணி நேரமே.

குழந்தையின் மூளை காயத்தைத் தாங்கும் முறை வேறு. மிக இளமையில் இடப்பக்கம் கெட்டால், மொழிப் பொறுப்பை வலப்பக்கம் ஏற்றுக்கொள்வதுண்டு. நாற்பது வயதினருக்கு அத்தகைய காயம் புரோக்காவின் நோயாளிக்கு நேர்ந்ததையே நேர்விக்கும். ஆனாற் குழந்தைக் காயம் எப்போதும் எளிதில் ஆறும் என்பதும் பிழை. முன்மூளையில் ஏற்பட்ட பழுது, அப்பகுதி தொழிற்படவேண்டிய பருவம் வரும்வரை மறைந்திருந்து, பன்னிரண்டு பதினான்கு வயதிலே தலைகாட்டுவதும் உண்டு. அப்போது பெற்றோர் பழைய விழுகையை மறந்திருப்பர். பிள்ளை அடங்காதவன் என்ற பெயரை மட்டும் சுமப்பான்.

ஈழத்துப் போர் 2009இல் முடிந்தபின்னும் வடபகுதியிற் பல்லாயிரவர் உறுப்பிழந்தோராக வாழ்கின்றனர். கண்ணிவெடியிற் காலிழந்தோர் பலர், இல்லாத காலில் நோவு என்பர். இல்லாத விரல்கள் மடங்கி இறுகியிருக்கின்றன என்பர். இதனைப் பிதற்றல் என்றும், மனப்பிராந்தி என்றும் கேட்டோர் ஒதுக்கினர். பென்பீல்டின் படத்தை நினைவிற்கொண்டால் இது பிதற்றலன்று என விளங்கும். கால் போயிற்று, மூளையில் அதற்குரிய நிலம் போகவில்லை. தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவிற் பணிபுரிந்த வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதனை ஆராய்ந்தார். கையிழந்த ஒருவரின் கண்ணைக் கட்டி முகத்தைப் பஞ்சால் தடவியபோது, இல்லாத கை விரல்களைத் தடவுவதாக அவர் உணர்ந்தார். மூளைப் படத்தில் கைக்கு அயலில் இருப்பது முகம்; காணி வெறுமையாகவே, அயலார் வேலியைத் தள்ளிவிட்டனர்.

நோவைத் தணிக்க இராமச்சந்திரன் கண்ட கருவி மிக எளியது. ஒரு பெட்டி, அதன் நடுவே நிமிர்த்திய கண்ணாடி. உள்ள கையைக் கண்ணாடியின் முன் வைத்துப் பார்த்தால், இழந்த கை இருக்குமிடத்தில் ஒரு கை தோன்றும். உள்ள கையை மெல்ல விரித்தால், இழந்த கையும் விரிவதாகக் கண் காணும். கண் கண்டதை மூளை ஏற்கிறது; ஆண்டுக்கணக்காக இறுகியிருந்த இல்லாத விரல்கள் சிலருக்கு அக்கணமே தளர்கின்றன. எல்லாருக்கும் பயன் தருவதில்லை. பயன் தருவோர்க்கும் பல வாரப் பயிற்சி வேண்டும். கால் இழந்தவருக்கு நிலத்தில் நீட்டிய இரு கால்களுக்கிடையே நிறுத்த ஒரு நிலைக்கண்ணாடி போதும்.